வாலை விழுங்கும் ரேடியோ

பரீதின் வாடகைக் காரில் ரேடியோ ஏறியது ஐம்பத்தொன்றாம் வருஷக் கடைசியில். கொல்லத்துப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது மலிவாகத் தள்ளிவிட்டது. மலிவு என்று யாராவது சொன்னால் பரீதுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். துரை காதால் கேட்ட ரேடியோ என்றுதான் சொல்ல வேண்டும்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பு ஸ்டேஷன் அதில் அடுத்த தெருவில் பாடுவதுபோலக் கேட்கும். தென்காசியில் எந்தப் பணக்காரர் வீட்டுப் பெட்டியிலும் அவ்வளவு தெளிவு கிடையாது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் மற்ற கார்களை விட்டுவிட்டு "பாட்டு வண்டி எங்கே?" என்று பரீதைத் தேடினார்கள்.

ஆனால் பாட்டுக் கேட்க வேண்டுமானால் வண்டியை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடினால் ஒரே இரைச்சல். குமிழைத் திருகிவிட்டு, வெற்றிலை போட்டு மென்று முடித்தால் அப்போதுதான் குரல் வரும். பேட்டரியோ பல நாள் சாயங்காலம் செத்துக் கிடக்கும். இதையெல்லாம் பொறுக்கலாம். வாக்கியத்தின் வாலை அது விழுங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தமிழில் சங்கதி முழுவதும் வாலில் அல்லவா இருக்கிறது? மந்திரி ராஜினாமா "செய்ய" என்பதோடு கம்மிப்போகும். செய்தாரா, செய்யவில்லையா, செய்யப்போகிறாரா என்று தெரியாமல் ஒரு வக்கீல் பரீதை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

பரீதின் மனைவி ஹைருன் பீவி கெடு வைத்துவிட்டாள். நோன்புப் பெருநாளுக்குள் அந்த முசீபத்து பிடித்த ரேடியோவால் யாருக்காவது ஒரு பிரயோசனம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செங்கோட்டை மெக்கானிக்குக்கு விற்றுவிட வேண்டும். அவள் சொன்னால் சொன்னதுதான். பரீது கவலையில் இளைத்தே போனான்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த அந்தியில் வானம் முழுக்கக் குற்றாலத்து மேகம். மறுநாள் பெருநாளா என்று ஷவ்வால் பிறை பார்க்க மாடியேறியவர்கள் சாரலில் நனைந்து இறங்கினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத், அங்கே பிறை தெரிந்ததா என்று கேட்டுவரக் கடையநல்லூருக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பியிருந்தார். ஆள் திரும்புவதற்குள் கொழும்பு அறிவிப்பைக் கேட்டுவிடலாம் என்று யாரோ சொல்ல, தெருவே பரீதின் வாசலுக்கு வந்துவிட்டது. அவன் கொல்லைக் கொட்டகையிலிருந்து வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைத்து, குமிழைத் திருகினான். இன்று மானம் காத்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

"இலங்கையில் எங்கும் ஷவ்வால் பிறை தென்பட" என்றது ரேடியோ. அதற்குமேல் உறுமல்தான்.

தெரு இரண்டாகப் பிளந்தது. 'எங்கும்' என்றால் எல்லா இடத்திலும் என்று அர்த்தம், ஆகவே நாளை பெருநாள் என்றது ஒரு கட்சி. எங்குமே இல்லை என்றுதான் அர்த்தம் என்று தையற்கடை மூசா அடித்துச் சொன்னார். அவர் கடையில் இருபது பெருநாள் சட்டைகள் கை வைக்காமல் கிடந்தன. கடைசியில் எல்லாரும் பரீதைப் பார்த்தார்கள்.

"கிட்ட இருந்தவன் நீதானலே. சொல்லு" என்றார் மூசா.

'தென்பட்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால், ஊருக்குப் பெருநாளைக் கொண்டுவந்த ரேடியோ என்று அது பிழைத்துவிடும். வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஊர் நோன்பைக் கெடுத்த பாவம் யார் தலையில் விடியும்? அதற்குள் ரேடியோ, அறிவிப்பை மறுபடி வாசிப்பதாகச் சொன்னது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஹைருன் பீவியின் குரல் வந்தது.

"இங்கேருங்க. வண்டிக் கடியாரத்துக்குக் கீழ, எடது ஓரம். உள்ளங்கையால ஒரு தட்டு. ஒண்ணுதான்."

பரீது தட்டினான். "தென்படவில்லை" என்று வாலும் தலையுமாகத் தெருக்கோடி வரை கேட்டது. மூசா தையல் மிஷினைப் பார்க்க ஓடினார். சற்று நேரத்தில் கடையநல்லூர் போனவனும் சொட்டச் சொட்ட வந்து, அங்கேயும் பிறை இல்லை என்றான்.

பரீது உள்ளே போனான். அந்த இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். ஹைருன் பீவி கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"மத்தியானம் நீங்க ஒறங்குத நேரமெல்லாம் நான் எங்கன இருந்தேன்னு நெனச்சீங்க?"

ஆறு மாதமாகப் பேட்டரி சாகும்போதெல்லாம் அதை விற்றவனைத் திட்டிய திட்டெல்லாம் அவனுக்கு நினைவு வந்தது. பிறகு ஏன் விற்கச் சொன்னாய் என்றான்.

"ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுதீங்க. ஒரு நாளாவது, ஹைருன், நீயும் வந்து கேளுன்னு சொல்லியிருக்கீங்களா?"

பரீதுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையில் அவனுக்கு அது தோன்றவே இல்லை. "நாளைக்கு மத்தியானம் நான் ஒறங்கல. ரெண்டு பேருமா உக்காந்து கேப்போம்" என்றான்.

"வேண்டாம், நீங்க ஒறங்குங்க" என்றாள் அவள். "அது வாலைத்தான் முழுங்குது. நீங்க பக்கத்துல இருந்தா பேசிப் பேசியே தலையக்கூடக் கேக்க விடமாட்டீங்க."