மேடையேறிய அக்கா

உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். முதல் வரிசை நடுவில் அரங்க மேலாளரின் மனைவி, அவளுக்கு இடப்பக்கம் அவள் தம்பி, வலப்பக்கம் தச்சர், அவரையடுத்து, இன்னும் கையைத் துடைத்துக்கொண்டே இருந்த பெயின்டர். கடைசி வரிசையில், தன்னந்தனியாக, மேலாளரின் அக்கா.

புதுப்பித்த கலையரங்கத்தை ஆட்கள் பயன்படுத்தும்போது படமெடுத்து, மறுநாள் காலைக் கூட்டத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. தவறினால் அரங்கம் பழைய கோப்புகளைப் போட்டுவைக்கும் கிடங்காகிவிடும். நாடகக் குழுவோ வெளியூரில். மேலாளர் வீட்டையே திரட்டிக்கொண்டு வந்து, வேலை முடித்துக் கிளம்பிய இருவரையும் வாசலில் மறித்து, உயரத்தின்படி பட்டியல் போட்டு உட்கார வைத்துவிட்டார்.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். "என்னையே முறைச்சுப் பாக்குறீங்களே, பாஸ்போர்ட் போட்டோவா எடுக்குறேன்? மேடையைப் பாருங்க."

"அங்க ஒண்ணுமே இல்லையே," என்றான் மச்சினன்.

மேலாளரே பட்டியலும் கையுமாக மேடையேறி நின்றார். மச்சினனுக்குக் கொட்டாவி வந்தது. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து குரல் கிளம்பியது.

"ஏன்டா, கூடப் பொறந்தவளுக்குக் கடைசி வரிசை, உன் மச்சினனுக்கு முதல் வரிசையா?"

"உயரம்க்கா. நீ முன்னால உக்காந்தா மறைக்கும்."

"நான் மறைக்கிறேனா?" அவள் விறுவிறுவென்று மேடைக்கே வந்துவிட்டாள். "உன் கல்யாண போட்டோவுல என் தலை பாதிதான் இருக்கு. அன்னைக்கும் இதே உயரக் கதைதான் சொன்ன!"

அதோடு மடை திறந்துகொண்டது. அவர் பட்டியலைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்வாங்க, அவள் விரலை நீட்டிக்கொண்டு முன்னேற, முதல் வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டியது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சினன் கொட்டாவியை மறந்தான். "அம்மா, அந்தக் கல்யாண விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் தச்சர். பெயின்டர் கைதட்டியே விட்டார். புகைப்படக்காரர் படமாக எடுத்துத் தள்ளினார்.

படங்கள் பிரமாதமாக வந்திருந்தன. ஆனால் கூட அனுப்ப வேண்டிய கடிதத்தில் 'நிகழ்ச்சி' என்ற இடத்தில் மேலாளரின் பேனா நின்றுவிட்டது. பொய் எழுதிப் பழகாத கை.

"நாடக ஒத்திகைன்னு போட்டு உறையை ஒட்டுங்க," என்றாள் மனைவி.

"யாரு நடிச்சா?" அக்கா பாய்ந்தாள். "நான் நெஜமாத்தான் திட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதுடா."

எழுதினார்: 'நிகழ்ச்சி: என் அக்கா என்னைக் கண்டித்தது. நேரம்: பதினெட்டு நிமிடம். ஒலிபெருக்கி பயன்படுத்தப்படவில்லை, தேவைப்படவும் இல்லை. பார்வையாளர் நால்வரில் ஒருவரும் இறுதிவரை எழுந்து போகவில்லை.'

படித்துப் பார்த்த அக்கா, "பதினெட்டா? இருபதுன்னு போடு," என்றாள்.

கடிகாரம் பார்த்தவர் அவர், மாற்றவில்லை. உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் இருமுறை நீவி, வாசலில் காத்திருந்த கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டார்.