சென்னியம்மாள் 2

பகல் ஒன்று பத்துக்கு, பண்ணையில் வேலை பார்க்கும் ராஜம்மாள் போன் செய்தபோது, கிருத்திகா ஆபீஸ் அறையில் தயிர்சாதத்தில் கை வைத்திருந்தாள்.

"கண்ணு, பெரிய செட்டுல காத்தாடியெல்லாம் நின்னுபோச்சு. ரெண்டே ரெண்டுதான் ஓடுது. கரண்டு இருக்குது!"

புதுச்சத்திரத்தை ஒட்டிய கோழிப்பண்ணை அது. நாலு பக்கமும் அடைத்த செட், சித்திரை வெயில், உள்ளே இருபதாயிரம் கோழிகள். பதினான்கு காற்றாடியும் ஓடினால்தான் அவற்றுக்கு மூச்சு. எந்தச் செட்டில் எத்தனை ஓட வேண்டும் என்று கிருத்திகா கம்ப்யூட்டரில் எழுதிய ஸ்கிரிப்ட்தான், காற்றாடிகளை இயக்கும் சுவிட்சுப் பெட்டிக்கு மணிக்கு மணி சொல்லும். முதலாளி அர்த்தநாரி அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

கை கழுவாமலே திரையைப் பார்த்தாள். அர்த்தநாரி கட்டும் செட்டுக்கெல்லாம் அவர் அம்மா பேர்தான். பழையது, இந்தப் பெரிய செட், சென்னியம்மாள். சாப்பிட உட்காருவதற்குச் சற்று முன் அவள் ஸ்கிரிப்டில் சேர்த்த புதுசு, சென்னியம்மாள் 2. அதில் இன்னும் ஒரு குஞ்சுகூட இறங்கவில்லை, என்ன ஆகிவிடப்போகிறது என்று சோதிக்காமலே விட்டிருந்தாள். பேரைச் சுற்றி மேற்கோள் குறி போடவில்லை. நடுவிலிருந்த இடைவெளியில் பேர் இரண்டாக உடைந்து, சென்னியம்மாள் என்பது செட்டாகவும் 2 என்பது காற்றாடிக் கணக்காகவும் போய்விட்டது. திருத்தி அனுப்பினாள். பெட்டி ஏற்கவில்லை. மோட்டார் எரிந்துவிடக் கூடாதென்று, ஒருமுறை மாற்றினால் கால் மணி நேரம் அசையாதபடி அவளேதான் வைத்திருந்தாள்.

"அக்கா, பெட்டியத் தொறந்து சுவிட்சக் கையில போடுங்க!"

"சாவி உங்கிட்டயல்ல கண்ணு இருக்குது? ஆரும் நோண்டக் கூடாதுன்னு நீதான பூட்டுன?"

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. ஒரு உயிரும் போயிருக்கக் கூடாது தாயே என்று வாய் முணுமுணுத்தது. பெட்டியின் பூட்டைத் திறந்தாள். சுவிட்சைத் தள்ளியதும் காற்றாடிகள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கின. உள்ளே ராஜம்மாள் கூண்டுகளிலிருந்து செத்தவற்றைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"மெசினு ஏமாத்திப்போடுச்சா சாமி? கம்பெனிக்காரனக் கூப்புடு, அவன உண்டு இல்லைன்னு பண்ணிப்போடறேன்!"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்துவிட்டதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மெசினு இல்லீங்கண்ணா. நாந்தான்..."

இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்துக் குனிந்தார். "என்ன சாமி?"

அவர் முழங்காலருகே, கீழ்த்தட்டுக் கூண்டில், கம்பிக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டிருந்த கோழியொன்று வாயைத் திறந்து மூடியது. மறுபடி திறந்தது. மூடவில்லை.