பாலத்தின் நடுவே ஓர் ஊசி

1

ஒரு வரைபடத்தைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியது என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நாட்டின் வருமானம் ஏறினால் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளும் பெருகுவார்கள் என்றது அதில் மேலே ஏறிய கோடு. நான் இருபது வருடமாகக் கயானாவில் இருக்கிறேன். கடலில் கச்சா எண்ணெய் கிடைத்தபின் எங்கள் ஆற்றங்கரையில் வருமானம் ஏறியது உண்மை. ஊசிக்கு வருகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அந்தக் கோட்டோடு சண்டை போட எங்கள் ஊர் நர்ஸ் வெல்டாவைப் பிடித்தேன்.

2

முதல் தொடக்கம்: "கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்த அன்று, வெல்டா..."

(வேண்டாம். அன்று அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.)

இரண்டாவது: முன்பெல்லாம் அக்கரைப் படகுக்காகத் துறையில் ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பார்கள். வெல்டா ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு அங்கே போவாள், சில நாள் படகிலும் ஏறிவிடுவாள். தப்பி ஓட இடமில்லாத தாய்மார்கள் பிள்ளையின் கையை நீட்டிவிடுவார்கள். பிறகு பாலம் வந்தது, படகு நின்றது. சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடமும் ஏசியும் வந்தன. தாய்மார்கள்தான் வரவில்லை, எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது.*

*இந்த வரியில் குத்தல் இருக்கிறது என்று வெல்டா கோபித்துக்கொண்டாள். அவள் மகளும் எண்ணெய்க் கம்பெனிச் சமையலறையில்தான் இருக்கிறாள்.

3

தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் ரொஷானியின் மகன் ரோமேலுக்கு ஒன்றரை வயது. இரண்டாவது தட்டம்மை ஊசி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை கண்டுவிட்டது. வெல்டா போன் செய்தாள்.

"செவ்வாய்க்கிழமை வந்துடுடி."

"லீவு கேட்டா, என் எடத்துக்கு ஆறு பேரு நிக்கிறாங்க நர்ஸம்மா."

ரொஷானியை அலட்சியக்காரியாக எழுதத்தான் நினைத்திருந்தேன். தடுப்பூசி அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறவளை எப்படித் திட்டுவது? மனசு வரவில்லை.

4

பணம் வந்ததும் வீட்டுக்கொரு கார் வந்தது. காலை ஏழு மணிக்குப் பாலத்தில் ஒரே நெரிசல். மினிபஸ்ஸில் மாட்டிக்கொண்ட வெல்டா அரை மணி நேரம் எல்லோரையும் வைதாள். சட்டென்று வாயை மூடினாள். ஊர் மறுபடியும் காத்துக் கிடக்கிறதே!

மறுநாள் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கார்களுக்கு நடுவே நடந்து, ரொஷானியின் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஐயோ நர்ஸம்மா! நடுப்பாலத்துலயா?"

"ஒனக்கு நடு ஆத்துல போட்டேன். நீயும் கத்தின, ஒங்கம்மாவும் கத்தினா."

"போட்டுட்டுக் கொஞ்ச நேரம் பாக்கணும்பீங்களே?"

"முன்னாடி பாரு. அரை மணி நேரத்துக்கு எவனும் நகர மாட்டான்."

"அப்புறம் காய்ச்சல் வந்தா? நான் வேலைக்குப் போயாகணுமே."

"என் வீட்டுல விட்டுட்டுப் போடி."

ரொஷானி பின்சீட்டைப் பார்த்தாள். குழந்தைகள் காப்பகத்துக்குக் கிளம்பிய ரோமேல் வாழைக்காய் வறுவலைச் சப்பிக்கொண்டிருந்தான். முன்னால் நின்ற லாரி உறுமியது.

5

ரொஷானியின் கை கதவுப் பக்கம்

(இங்கே இரண்டு முடிவுகளை எழுதி அடித்திருக்கிறேன். ஒன்றில் ஊசி போட்டாகிவிட்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மற்றதில் லாரி கிளம்பிவிட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.)

கதை ஓடுகிற வரைக்கும்தான் அந்த லாரியை என்னால் பிடித்து வைக்க முடியும். கதவு இன்னும் திறக்கவில்லை. உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். இருந்தாலும், இந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.