மலைக்குப் பிடித்த கோபுரம்

காட்சிக் கோபுரம் எதுவானாலும் முதலில் மலைக்குப் பிடிக்க வேண்டும். எனவே வெள்ளிக்கிழமை மலை வீட்டார் என் கோபுரத்தைப் பார்க்க வந்தார்கள்.

நான் முன்பு வரைந்ததையெல்லாம் மலை வேண்டாம் என்றுவிட்டது. இது பிடித்துவிட்டால் நான் ஊருக்குப் போகலாம். சாத்தூரில் என் மனைவி பவுனுத்தாய் தனியாக இருந்தாள்.

சுற்றுலாத் துறை இயக்குநர் தயாபரன் வாசலில் நின்று கும்பிட்டார். மலைகளைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துபவர். மலை எந்தப் பக்கம் என்று என்னிடம்தான் கேட்பார்.

மலையின் அத்தை ஒரு குன்று. சோபாவில் உட்கார்ந்தாள். சோபா போயிற்று. நான் பஜ்ஜித் தட்டை நீட்டினேன். கோபுரம் மல்லிகைப்பூ வைத்து, தலைகுனிந்து வந்து நின்றது.

"பாடுமா?" என்றாள் அத்தை.

"காத்தடிச்சா விசிலடிக்குங்க" என்றார் தயாபரன்.

"கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க."

கோபுரம் நடந்தது.

"இடது கால் விந்துதே."

"அது டிசைனுங்க."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "தட்டு வெச்சுக்கிட்டு நிக்குதே, அது?"

"அது வரைஞ்ச ஆளுங்க. வெளியூரு."

"அடக்கமா இருக்கு. எங்க மலைக்கு இதுதான் ஒத்துப்போகும்."

தயாபரன் உடனே வெற்றிலை பாக்கு மாற்றினார். என்னை யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரி வீடுகளில் யார் யாரைக் கேட்டார்கள்?

என்னை உச்சியில் நிறுத்திக் காலுக்குக் கான்கிரீட் போட்டார்கள். நான் வளர்ந்தேன். உடம்பெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். மலை செம்மண் நிறம். "இயற்கைன்னா பச்சைதான்யா" என்றார் தயாபரன். அதற்கு அவருக்கு விருது கொடுத்தார்கள்.

ஜனங்கள் என்மேல் ஏறினார்கள். சிப்ஸ் தின்றார்கள். என் விலாவில் பெயர் கிறுக்கினார்கள்.

ஒருநாள் கீழே பவுனுத்தாயின் குரல் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு இங்கனதான் கோபுரம் வரையுதாரு. ஆளையே காணோம். மேல ஏறுனா தெரிவாராய்யா?"

"எல்லாமே தெரியும்மா" என்றார் தயாபரன்.

ஏறினாள். என் தோளில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"பவுனு" என்றேன்.

"மேல காத்து ஜாஸ்தி. கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கங்கம்மா" என்று கீழிருந்து கத்தினார் தயாபரன்.

அவள் என் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு தெரியுது, ரோடு தெரியுது. அந்த மனுசனைத்தான் காணோம்."

"இன்னும் கொஞ்சம் எக்கிப் பாருங்க."

எக்கினாள்.