அடிப்பூச்சு

கண்காட்சிக்காரரின் கன்னத்தில் விழுந்த அறையில் கூடமே அதிர்ந்தது. அறைந்தவர் படங்களுக்குச் சட்டம் அடிக்கும் தச்சர். இருக்கும் இடமே தெரியாத மனிதர் என்று அதுவரை பேர். ஐந்து வருஷம் முன்பு தற்கொலை செய்துகொண்ட ஓவியருக்குக் கூடப்பிறந்த தம்பி. கண்காட்சியில் அண்ணனின் படங்களை மாட்டிக் கொடுக்கத்தான் வந்திருந்தார். ஒன்றே ஒன்றை மட்டும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அதை வேறு ஆளை வைத்து மாட்டியிருந்தார்கள்.

அது முழுக்கக் கருப்பு பூசிய துணி. "இருளை வரைஞ்சாரு, அதுக்குள்ளேயே போயிட்டாரு. அந்தச் சாவும் அவரோட படைப்புதான்" என்று கண்காட்சிக்காரர் உருக, கூட்டம் கைதட்டியது. சாவுக்குக் கைதட்டுகிறவர்களை என்னவென்று சொல்ல! உயிரோடு இருந்தபோது அந்த மனிதரை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை.

அடி முதலில் விழுந்தது, விளக்கம் பிறகுதான் வந்தது. "யோவ், அது படமே இல்லய்யா, அடிப்பூச்சு! எங்கண்ணன் எதை வரைஞ்சாலும் முதல்ல கருப்பு அடிச்சுட்டுத்தான் மேல வண்ணம் வைப்பான். புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கான்யா!"

"அடிப்பூச்சுன்னு சொன்னா யாருய்யா வந்து பார்ப்பா?" என்றார் கண்காட்சிக்காரர், உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி.

தச்சர் அவரைத் தூக்கிச் சுவரில் மோதினார். மேசை கவிழ்ந்து குவளைகள் நொறுங்கின. கருப்புத் துணி ஆணியைப் பிடுங்கிக்கொண்டு விழுந்து, சட்டம் மூலையில் பிளந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓட, எதிர்த்திசையில் வந்த ஒருத்தி தச்சரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஓவியரின் மனைவி, தச்சருக்கு அண்ணி. "எங்களை நடுத்தெருவுல விட்டுட்டு ஓடின கோழை" என்று புருஷனை ஊரறியத் திட்டுகிறவள். வந்த வேகத்தில் தச்சரின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தாள்.

"அடிப்பூச்சுன்னா என்ன அர்த்தம் தெரியுமாடா? செத்த அன்னைக்குக் காலையில இதைப் பூசினப்போ அந்த மனுஷனுக்குச் சாகுற எண்ணமே இல்லைன்னு அர்த்தம். அப்போ ராத்திரிக்குள்ள என்ன ஆச்சு? முடிவு பண்ணிட்டுத்தான் பூசினாருன்னு நினைச்சுத்தான்டா நான் தூங்குறேன்!"

தச்சருக்குக் கோபம் மொத்தமும் வடிந்துவிட்டது. அன்று மத்தியானம் அண்ணன் இதே துணியைச் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்திருந்தார். "தொய்யுதுடா, நல்லா இழுத்து அடிச்சுக் கொடு. அதுவரைக்கும் இங்கயே உட்கார்ந்திருக்கேன்." தலைக்கு மேல் வேலை கிடந்தது. தச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது அடிப்பூச்சு இல்லை, இருள்தான் என்று ஒப்புக்கொண்டால் அவருக்கும் நிம்மதிதான். யாராலும் தடுத்திருக்க முடியாது என்று ஆகிவிடும்.

"என்கிட்டதான் வந்தான் அண்ணி," என்றார். "நாளைக்கு வாண்ணேன்னு சொல்லிட்டேன்."

மறுபடி ஓங்கிய அவள் கை அப்படியே நின்றது.

தச்சர் பிளந்த சட்டத்தை உதைத்துத் தள்ளினார். உள்கட்டையில் துணி இன்னும் தொய்ந்துதான் கிடந்தது. மண்டியிட்டு, இடுப்புச் சுத்தியலை உருவி அடிக்க ஆரம்பித்தார். கண்ணீர் மறைத்ததில் இரண்டு அடி ஆணியில் விழுந்தால் ஒன்று கட்டைவிரலில் விழுந்தது. ரத்தம் கருப்பில் சொட்டியும் அவர் நிறுத்தவில்லை.

அண்ணி எதிரே உட்கார்ந்து, துணியின் மறுமுனையைப் பிடித்தாள்.

"நல்லா இழுத்து அடி," என்றாள்.