மூன்றாம் நாள் பொரி

திருமுருகன் வயலில் எலியைக் கொல்கிறவன். வீட்டில் எலிக்குத் தீனி வாங்கிப் போடுகிறவன். சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்து முடித்தாகிவிட்டது. என்ன செய்வது, ஒரே பெண். ஒன்பதாவது படிக்கும் அஸ்வினி, புதுச்சேரியில் ஒரு கடையில் ஜெர்பில் ஜோடியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடித் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். இது எலி இல்லை, பாலைவனத்துப் பிராணி, வால் நுனியில் குஞ்சம் இருக்கிறது பார் என்று அப்பனுக்கே பாடம் நடத்தினாள். எட்டு மாதமாகத் திண்டிவனம் வீட்டின் கூடத்தில் மோமோவும் ஜூஜூவும் மரத்தூளைத் தோண்டிக்கொண்டு ராஜபோகமாக இருக்கின்றன. கேலி பேசிய திருமுருகனும் இப்போதெல்லாம் கூண்டை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் படுப்பதில்லை.

அன்று சனிக்கிழமை. மச்சினன் கோகுலகிருஷ்ணனுக்கு விழுப்புரத்தில் நிச்சயதார்த்தம். அஸ்வினி வரவில்லை. திங்கட்கிழமை பரீட்சை என்றாள். கூண்டைத் தனியாக விட மனசில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ஜெயத்திடம் சொல்லிவிட்டு, திருமுருகனும் அவன் மனைவி கலைப்பிரியாவும் மட்டும் விடிகாலையிலேயே வண்டியில் கிளம்பி வந்திருந்தார்கள்.

தட்டு மாற்றி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. பக்கத்து இலையில் சக்கரபாணி. ஓமந்தூரில் இவன் நிலத்தை ஒட்டிய நிலம் அவருடையது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கிற நேரம், எலி புகுந்து துவம்சம் செய்துகொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் வேறு பேச்சே இல்லை. மருந்து வைத்தாயிற்றா என்று கேட்டார். ரெண்டு நாள் வெறும் தீனி போட்டுப் பழக்கினேன், நேற்று சாயங்காலம் மருந்து வைத்தேன் என்று திருமுருகன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

எலி லேசில் ஏமாறாது. புதுத் தீனியை மோந்து பார்த்து ஒதுங்கிவிடும். அதனால் பொரி, வறுத்து உடைத்த மல்லாட்டை, கேப்பை மாவு, வெல்லம் எல்லாம் பிசைந்து முதல் இரண்டு நாள் வளை வாசலில் வெறுமனே வைப்பார்கள். ருசி கண்டு, பயம் விட்டு, மூன்றாம் நாள் அது தானாகத் தேடி வரும். அன்றைக்குத்தான் மருந்து கலப்பது. கேப்பை மாவோடு சேர்ந்துவிட்டால் மருந்தின் நிறம் கண்ணுக்குத் தெரியாது.

"மீதிய பொதைச்சிட்டியா?" என்றார் சக்கரபாணி.

வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திருமுருகன் இலையிலேயே போட்டான்.

புதைக்கவில்லை. விடிந்ததும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைக்கலாம் என்று பிஸ்கட் டின்னில் போட்டுப் பின்கதவோரம் வைத்தவன், கிளம்புகிற அவசரத்தில் மறந்துபோனான். மறதியோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. புதனும் வியாழனும் அதே டின்னில் மிஞ்சிய வெறும் தீனியை, எடுத்துக்கோ, நம்ம மல்லாட்டைதான் என்று மகளிடம் நீட்டியதே அவன்தான். ஜெர்பில்களுக்கு ஒரு பிடி, அவளுக்கு ஒரு பிடி. வெல்லம் சேர்ந்த பொரி இனிப்பாக இருக்கிறது என்று கொறித்துக்கொண்டே படித்தாள். நேற்று அவன் மருந்து கலந்தபோது அவள் டியூஷனில் இருந்தாள். எலிக்கு அவன் பண்ணிய பழக்கம் பெண்ணுக்கும் ஏறியிருந்தது. இன்றைக்கு டின்னைத் திறக்க அவள் யாரையும் கேட்க மாட்டாள்.

கை கழுவாமலே எழுந்து போய்க் கலைப்பிரியாவை வெளியே அழைத்து விஷயத்தைச் சொன்னான். அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வண்டிய எடுங்க" என்றாள்.

பின்னால் உட்கார்ந்து அவள் அஸ்வினிக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடியும் அதே கதை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி நெருங்கும்போது எதிர்ப்பக்கமிருந்து ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து உள்ளே திரும்பியது. திண்டிவனத்திலிருந்து வருகிறதோ என்று நினைத்து அவன் திரும்பிப் பார்க்க, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. அவள் அவன் தோளை இறுகப் பிடித்தாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஓரங்கட்டச் சொன்னாள். வீட்டைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்த ஜெயம் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"வூடு பூட்டிக்கினு கெடக்குதும்மா. சைக்கிளும் காணோம். போன் உள்ள அடிச்சிக்கினே கீது. ஜன்னல்ல பாத்தேன், கூடத்துல ஒரு பிஸ்கட் டின்னு தொறந்து கெடக்குது."

திருமுருகன் வண்டியை முறுக்கினான். மருந்துப் பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்தது திருமுருகனின் கண்ணுக்குள்ளேயே நின்றது: இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வாங்கும்போது அதைப் படித்துவிட்டு, அப்போ நல்ல சரக்குதான் என்று கடைக்காரரிடம் சொன்னவன் அவன். அந்த வாயை இப்போது என்ன செய்தாலும் தகும் என்று தோன்றியது. வயிறு வலித்து, தானே சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பாளோ? வழியில் எங்காவது விழுந்து கிடந்தால்? ஓமந்தூர் நிலத்தை மொத்தமும் எலியே தின்னட்டும், பிள்ளையை மட்டும் கொடுத்துவிடு என்று எந்தச் சாமியிடம் என்று இல்லாமல் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

திண்டிவனத்துக்குள் நுழைந்து அரசு ஆஸ்பத்திரியைப் பார்த்து வண்டியை விட்டவனின் முதுகில் கலைப்பிரியா ஓங்கி அடித்தாள். மாட்டாஸ்பத்திரி வாசலில் அஸ்வினியின் சிவப்பு சைக்கிள் நின்றது.

உள்ளே ஒரு கன்றுக்குட்டிக்கும் இரண்டு ஆடுகளுக்கும் பின்னால், செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. திருமுருகன் ஓடிப்போய் அவள் கன்னத்தைப் பிடித்துத் தூக்கினான்.

"நீ தின்னியா? டின்னுல இருந்தத நீ தின்னியா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லை என்றாள். ஒரே பூண்டு வாடை அடித்தது, அப்பா இன்றைக்குப் பூண்டு போட்டுவிட்டார் என்று நினைத்தாளாம். அந்த மருந்தின் வாடையே அப்படித்தான். பூண்டு அவளுக்கு ஆகவே ஆகாது. ஜூஜூவும் மோந்து பார்த்துவிட்டு மரத்தூளைத் தள்ளி மூடிவிட்டது. மோமோதான் அத்தனையும் தின்றது. கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்தது.

திருமுருகன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் கொட்ட, வாய்விட்டுச் சிரித்தான். இத்தனை சந்தோஷம் அவள் பிறந்த அன்றைக்குக்கூட அவனுக்கு வந்ததில்லை.

"போவட்டும் வுடு. எலிதான?" என்றான்.

அஸ்வினி அவன் முகத்தையே பார்த்தாள். மடியில் மோமோ துடிக்கிறது, அப்பா சிரிக்கிறார். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அதுல இன்னா இருந்துச்சுப்பா?"

கலைப்பிரியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இதை அவன்தான் சொல்ல வேண்டும். சொன்னான். மருந்து கலந்ததையும், மறந்துபோனதையும், முதல் இரண்டு நாள் வெறும் தீனி எதற்கு என்பதையும் ஒளிக்காமல் சொன்னான்.

டாக்டர் வந்து பெட்டிக்குள் குனிந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். முதலில் பெண்ணின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கன்றுக்குட்டியிடம் போனார். கலைப்பிரியா மகளின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"வயல்லயும் இப்படித்தான் துடிக்குமா?" என்று அஸ்வினி கேட்டாள்.

"தெரியலம்மா. நான் பாத்ததில்ல."

அது உண்மை. சாயங்காலம் வைத்துவிட்டு வந்துவிடுவான். எல்லாம் வளைக்குள்ளேயே முடிந்துவிடும்.

அவள் பெட்டியை அவன் மடியில் வைத்தாள்.

"அப்போ இப்ப பாரு" என்றாள்.

அம்மாவும் பெண்ணும் குழாயடிக்குப் போனார்கள். மகள் தன் காலால் நடந்து போவதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. மோமோ பின்னங்காலை அட்டையில் உதைத்தது, நிறுத்தியது, மறுபடி உதைத்தது. அது அடங்குகிற வரைக்கும் அவன் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.