ராஜகுருவின் டிரங்குப் பெட்டி

அருப்புக்கோட்டையில் அந்த ஒரு தெருவின் நாற்பத்தெட்டு வீட்டுத் தலையெழுத்தும் ஒரே டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி ராஜகுரு வீட்டில் இருந்தது. சாவி ராஜகுருவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

அறுபத்தேழாம் வருஷத்துக் கோடையில் மூன்று கூரை வீடுகள் எரிந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஜாதகங்களும் சேர்ந்து கருகின. கல்யாணம் பேசி முடிக்கிற ராஜகுருவுக்கு உடனே யோசனை பிறந்தது.

"அடுக்குப்பானைக்குள்ளயும் சாமி படத்துக்குப் பின்னாலயும் எதுக்குச் சொருகி வைக்கணும்? எல்லாத்தையும் எங்கிட்டக் குடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்தா அஞ்சு நிமிஷத்துல எடுத்து நீட்டிருவேன்."

தெரு கொடுத்தது. அவரும் ஒன்றுவிடாமல் தம் அழகான கையெழுத்தில் முழுநீளத் தாள்களில் புதிதாக எழுதினார். எழுதி முடித்ததும் பழைய ஓலைகளையும் தாள்களையும் பாழுங்கிணற்றில் போட்டார். அதே தெரு ராமலட்சுமி மட்டும்தான் தயங்கி இழுத்தாள்.

"பழசும் ஒரு பக்கம் கிடந்துட்டுப் போகட்டுமே, அண்ணாச்சி."

"ஒரு ஆளுக்கு ரெண்டு ஜாதகம் இருந்தா கிரகம் எதைப் பார்த்து வேலை செய்யும்?"

ராமலட்சுமியும் விட்டுக்கொடுத்தாள். யார் மகளுக்குச் செவ்வாய், யார் மகனுக்கு வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் இப்போது ஒரே ஆளுக்குத் தெரியும் என்பதால், அவர் போன வீட்டிலெல்லாம் காப்பியில் பால் தாராளமாக விழுந்தது.

அப்படியே ஐந்து வருஷம் ஓடியது. எழுபத்திரண்டு ஐப்பசியில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ராஜகுரு அப்படியே சாய்ந்துவிட்டார்.

தெரு அழுதது. அழுதுகொண்டே பெட்டியையும் ஒரு கண் பார்த்துக்கொண்டது. ஆனால் கருமாதி முடியாமல் சாவு வீட்டிலிருந்து கல்யாணக் காகிதத்தை யார் எடுப்பார்கள்? எல்லாரும் பதினாறு நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள். ராமலட்சுமிக்குத்தான் நாள் நெருக்கியது. மகள் சண்முகவடிவுக்கு இருபத்து மூன்று வயது முடிந்துவிட்டது. வந்த இரண்டு வரனும் தட்டிப்போயிருந்தன. பாலவனத்தத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஜாதகம் வாங்க வருகிறார்கள். பதினாறாம் நாள் புதன்கிழமை.

அன்று உச்சிப் பொழுதுக்கு அவள் போனபோது பெட்டி இருந்த இடத்தில் நீளச் சதுரமாகத் தூசி இல்லாத தரைதான் இருந்தது. ராஜகுருவின் மகள் மூக்கைச் சிந்தினாள்.

"செத்தவுக ஜாதகத்தை வீட்டுல வைக்கக் கூடாதாம். ஆத்துல விடணும்னாக. இவுகதான் பெட்டியோட திருச்சுழிக்குக் கொண்டு போயிருக்காக."

'இவுக' என்பது எம்.ரெட்டியபட்டி மாப்பிள்ளை இன்பராஜ்.

ராமலட்சுமி பஸ்ஸுக்குக் காசு எடுக்க வீட்டுக்கு ஓடினாள். ஜாதகம் போனால் கல்யாணம் போகும். அது ஒரு பயம். வாயால் சொல்ல முடியாத பயம் வேறொன்று. செத்தவருடைய ஜாதகத்தைத்தான் ஆற்றில் விடுவார்கள். உயிரோடு இருக்கிறவளுடையதை விட்டால்?

பக்கத்து வீட்டு ஷம்சாத் பேகம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடவே பஸ் ஏறினாள். துணைக்கு என்று சொன்னாள். நடப்பதைத் தானே கண்ணால் பார்க்கவேண்டும் என்பதும் அதில் பாதி.

"எங்கள்ள இந்த வம்பே கிடையாது, லச்சுமி. பொறந்தோமா, பேர் வச்சோமான்னு போயிரும்."

"சும்மா வாங்கக்கா."

வழியெல்லாம் ராமலட்சுமி கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருச்சுழிக் குண்டாற்றில் எந்த வருஷம் தண்ணீர் ஓடியது? மணலில் வைத்திருப்பான், அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று மனம் தேற்றியது.

வருஷத்தில் பத்து நாள் ஓடுகிற குண்டாறு அன்றைக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே எங்கோ மழை. முழங்கால் அளவுக்குச் செம்மண் தண்ணீர். மொட்டைத் தலையோடு கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான் இன்பராஜ். பக்கத்தில் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது.

"உள்ள இருந்தது எங்க, தம்பி?"

"விட்டாச்சு, மதினி. பெட்டி நல்ல பெட்டி, அதை விட மனசு வரல."

"ஊரு சாதகம்யா அது. உசுரோட இருக்கவுக சாதகம்."

அவன் பீடியைக் கீழே போட்டான். "எல்லாம் மாமா எழுத்துன்னாக. அவுக எழுத்து அவுகளோட போகட்டும்னு விட்டேன். பேரு பார்த்துப் பிரிக்கலாம்னா, நான் கைநாட்டு."

ராமலட்சுமி சேலையோடு ஆற்றில் இறங்கினாள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு தாள்கூட இல்லை. கரையேறி, பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய பேப்பரைப் பிய்த்தாள். அதற்குக் கீழே ஒரே ஒரு தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ராஜகுரு. நாற்பத்தெட்டு வீட்டு ஜாதகமும் போய்ச் சேர்ந்திருக்க, போகவேண்டிய மனுஷனுடையது மட்டும் பத்திரமாக இருந்தது.

அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

"மாசம் தெரியும்க்கா. மக நட்சத்திரம்னு தெரியும். நேரம் தெரியாதே. மருத்துவச்சியும் செத்துட்டா. இப்ப எம் பிள்ளை பொறந்த நேரத்துக்கு நான் எங்க போவேன்?"

ஷம்சாத் பேகம் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"நேரம்தான வேணும்? அன்னைக்கு எங்களுக்கு மூணாம் நோன்பு. பொழுது சாய மகரிப் பாங்கு சொன்னாக. பேரீச்சம்பழத்தை வாய்கிட்டக் கொண்டு போறேன், சுவருக்கு அந்தப் பக்கம் உம் மக அழுகிறா. பழத்தை வச்சுட்டு ஓடியாந்தேன். எங்களுக்கு ஜாதகம் இல்ல லச்சுமி, பசிச்ச நேரம் மறக்காது."

வியாழக்கிழமை திருச்சுழியிலிருந்து வந்த ஜோசியர், ஆனி மாசம், மகம், பொழுது சாய்ந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொடுத்தார். செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலத்துக்குள் பாதித் தெரு ஷம்சாத் பேகம் வாசலில் நின்றது. "எம் மகன் பொறந்தப்ப நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்த?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளுக்கு ஏழு பிள்ளைகளின் நேரம் தெரிந்திருந்தது. மற்றவர்கள் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு அலைந்தார்கள்.

ராமலட்சுமி மூன்று பிரதி எழுதி வாங்கினாள். ஒன்று அரிசிப் பானைக்குள், ஒன்று தங்கச்சி வீட்டில், ஒன்று ஷம்சாத் பேகத்தின் பீரோவில். கிரகம் மூன்றையும் பார்த்துக்கொள்ளட்டும்.

பாலவனத்தத்துக்காரர்களுக்குப் பொருத்தம் பிடித்துப்போனது. தை மாதம் நாள் குறித்தார்கள். ஆனாலும் தாலி ஏறுகிற வரை சண்முகவடிவைக் கிணற்றுப் பக்கம் அவள் விடவில்லை. பெண் ஒரு தும்மல் போட்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, பழைய ஜாதகம் ஆற்றோடு போன திருச்சுழி இருக்கிற கிழக்குத் திசையைப் பார்ப்பாள்.